எல்லாருக்கும் சுகப்பிரசவம்

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது, வயிற்றில் நான்கு மாதம். கிழக்கு லண்டனில் ஒரு நூலகத்தின் மேல்மாடியில் கிழமைக்கு மூன்று நாள் வேலை. அங்கே நான்கு மைக்ரோபிலிம் இயந்திரங்கள் இருந்தன. பழைய தேவாலயப் பதிவேடுகளையும் விக்டோரியா மகாராணி காலத்துக் குடிசனக் கணக்கெடுப்புத் தாள்களையும் படம்பிடித்துச் சுருளாக்கி வைத்திருந்தார்கள். யாராவது தங்கள் பூட்டன் பூட்டியைத் தேடிக்கொண்டு வந்தால், சரியான சுருளை எடுத்து இயந்திரத்தில் மாட்டிக் கொடுப்பேன். அந்த வேலைக்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை, பொறுமைதான் தேவை. என்னிடம் இருந்தது பட்டப்படிப்பு.

சுருள் ஓடும்போது திரையில் பக்கங்கள் விறுவிறு என்று போகும். பார்த்தால் வயிற்றைப் பிரட்டும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றப் பழகியிருந்தேன். நிறுத்தியவுடன் பார்த்துத்தான் ஆக வேண்டும். நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பெண் இருந்தாள். கல்யாணப் பதிவேட்டில் அவளுக்குப் பதினாறு வயது, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. அடுத்த சுருள் ஞானஸ்நானப் பதிவேடு. வருடத்துக்கு ஒரு பிள்ளை. அதற்கடுத்தது அடக்கப் பதிவேடு. அங்கே அவளுக்கு எதிரே பத்தொன்பது என்றோ இருபத்தொன்று என்றோ எழுதியிருக்கும். சில வேளைகளில் கீழ்வரியிலேயே ஒரு குழந்தை, வயது மூன்று நாள்.

தேடி வந்தவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். கிடைத்துவிட்டாள் என்று பக்கத்து இயந்திரக்காரரின் தோளைத் தட்டிச் சொல்வார்கள். பிரதி எடுத்துத் தரச் சொல்வார்கள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்ச் சத்தி எடுப்பேன். அது மசக்கையா பயமா என்று அன்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயம்தான். பிள்ளைப்பேற்றில் சாகலாம் என்பது எனக்கு அந்தத் திரையில்தான் முதன்முதலில் உறைத்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு ஒருநாளும் வந்ததில்லை.

முதல் தடவை, பிரசவம் பார்க்கும் மிட்வைஃபிடம் போனபோது அவர் நீண்ட படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். சீனி வருத்தம் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, உங்கள் குடும்பத்துப் பெண்களில் யாருக்காவது பிரசவத்தில் அதிக இரத்தம் போனதுண்டா. எனக்குத் தெரியவில்லை. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்து, இல்ஃபோர்டில் தமிழ்க் கடை ஒன்றில் தொலைபேசி அட்டை வாங்கி, பின்பக்கத்தைச் சுரண்டி இலக்கத்தை அழுத்தினேன்.

"அம்மா, எங்கட ஆக்களில ஆருக்கும் பிள்ளைப்பெறுவில கரைச்சல் வந்ததோ?"

லைனில் ஓர் இடைவெளி. அந்த அட்டைகளில் எப்போதும் இருக்கும் இடைவெளிதான் என்று நினைத்தேன்.

"சீச்சீ. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எல்லாருக்கும் சுகப்பிரசவம்."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான். நீ கண்டதையும் யோசிக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு."

படிவத்தில் இல்லை என்று போட்டார்கள். அந்த ஒரு சொல்லால் நான் ஆபத்தில்லாதவர்களோடு சேர்ந்துகொண்டேன். வைத்தியர்கள் இல்லாமல் மிட்வைஃப்மார் மட்டுமே நடத்தும் பிரசவ நிலையம் ஒன்றில் பதிந்தார்கள். அங்கே பெரிய வெந்நீர்த் தொட்டி இருந்தது. பிடித்த பாட்டைக் கொண்டுவந்து போடலாம் என்றார்கள். நானும் பெருமையாக வீட்டுக்கு வந்து எந்தப் பாட்டைப் போடுவது என்று கணவரோடு சண்டை பிடித்தேன்.

அது ஊரில் சண்டை ஓய்ந்து கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலம். ஏழாம் மாதத்தில் அம்மா விசிட் விசாவில் வந்து சேர்ந்தார். பெட்டியில் பாதி காயச்சரக்கு. மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் இடித்துப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அது. விமான நிலையத்தில் அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு ஐந்து தரம் தும்மினாராம். மருமகனிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரித்ததற்கு அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

வந்த நாளிலிருந்து கட்டுப்பாடுதான். செத்தவீட்டுக்குப் போகக் கூடாது. செத்த கதை கேட்கக் கூடாது. தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கினால் ரிமோட்டைத் தேடி ஓடுவார். நாடகம் பார்க்கலாம் என்றால் நாடகத்திலும் கிழமைக்கு ஒருவர் செத்தார்கள். கடைசியில் சமையல் நிகழ்ச்சி மட்டும்தான் மிஞ்சியது.

மூன்றாம் நாள் காலை நான் பல் விளக்கிவிட்டு வாஷ்பேசினைக் கழுவாமல் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பல் முரசில ரத்தம் வாறது எவ்வளவு நாளாய்?"

"சின்ன வயசிலயிருந்து வாறதுதானே அம்மா. மூக்காலயும் வந்தது. நீங்கள்தானே சூடு எண்டு வெந்தயம் ஊறப்போட்டுத் தந்தனீங்கள்."

"ஓம். சூடுதான்," என்றார் அம்மா. ஆனால் என் கையைப் பிடித்து, கதவில் இடித்து நீலம் பாய்ந்திருந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் எல்லாமே சூடுதான். மூக்கால் இரத்தம் வந்தால் சூடு. மாதவிலக்கு ஒன்பது நாள் நின்றால் சூடு. சூட்டுக்கு வெந்தயமும் இளநீரும் இருந்தன, ஆகவே அது நோயில்லை, வருத்தமில்லை. மிட்வைஃப் வருத்தங்களைப் பற்றித்தான் கேட்டார். சூட்டைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நூலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பெண்மணி வருவார். எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியை. தன் பூட்டியின் தாயை மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். பதினாறில் கல்யாணம், பதினேழில் ஒரு பெண்குழந்தை, பத்தொன்பதில் இரண்டாவது பிரசவத்தில் சாவு. மரணச் சான்றிதழின் பிரதியைத் தபாலில் எடுப்பித்திருந்தார். காரணம் என்ற இடத்தில் இரத்தப்போக்கு, ஆறு மணி நேரம் என்று அழகான சாய்ந்த எழுத்தில் இருந்தது. அந்த ஆறு மணி நேரத்தை யார் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்று நினைத்தேன்.

அன்று அவருக்கு அடுத்த கணக்கெடுப்புத் தாளும் கிடைத்தது. அதே வீடு. மனைவியை இழந்தவன், அவனுடைய சின்ன மகள், மூன்றாவது வரியில் மனைவியின் தங்கை, வயது பதினைந்து, வீட்டைப் பார்ப்பவள். பத்து வருடம் கழித்து எடுத்த தாளிலும் அந்தத் தங்கை அங்கேதான் இருந்தாள், கூடவே நான்கு பிள்ளைகள். செத்த மனைவியின் தங்கையைக் கட்ட அந்தக் காலத்து ஆங்கிலேயச் சட்டம் விடவில்லையாம். அதனால் கடைசி வரைக்கும் அவளை மனைவி என்று எழுதவில்லை. "பாவம், அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்," என்றார் அந்தப் பெண்மணி. சுருள் மாட்டிக் கொடுத்ததற்கு நன்றியாக அந்த மரணச் சான்றிதழில் எனக்கென்று ஒரு பிரதியைத் தந்தார். உன் ஆட்களை நீ தேடியதில்லையா என்றும் கேட்டார். எங்கள் பூட்டிமாரும் அதே மகாராணியின் குடிகள்தான், ஆனால் அவர்கள் இந்தச் சுருள்களில் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறை மேசையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, காகிதத்தைக் காட்டி, ஆங்கிலேயரின் கதையைச் சொன்னேன். செத்த கதை கூடாது என்ற சட்டம் வெள்ளைக்காரருக்குப் பொருந்தாது என்று ஒரு துணிச்சல். நூறு வருடத்துக்கு முந்தியது வேறு. அம்மா இலையை உருவிக்கொண்டே கேட்டார். தங்கை என்ற இடம் வந்தபோது கை நின்றது.

"அந்தத் தங்கச்சிக்கு என்ன நடந்தது?"

"நாலு பிள்ளை பெத்து, கிழவியாகி, நல்லா இருந்திருக்கிறா."

"அவள் தப்பிட்டாள்," என்றார் அம்மா.

நான் காகிதத்தை மேசையில் வைத்தேன்.

"அப்ப ஆரம்மா தப்பேல்லை?"

அம்மா எழுந்து, அந்தக் காகிதத்தை இரண்டு விரலால் நுனியில் பிடித்துக்கொண்டு, படியிறங்கிப் போய், வெளியே குப்பைத் தொட்டியின் மூடிமேல் வைத்து, பறக்காமல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்தார். பிறகு வந்து தலை முழுகினார். ஈரத் தலையோடு வந்து நின்று சொன்னார், "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்குள்ள செத்தவளின்ர கடதாசியைக் கொண்டாறதோ? படிச்சனியெண்டு பேர்." எனக்குக் கோபம் பொங்கியது. மழை தூறத் தொடங்கியிருந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்க் காகிதத்தை எடுத்துவந்து, அவர் பார்க்க, ஹீட்டரின் மேல் காயப்போட்டேன்.

அந்தக் கோபம் இரண்டு நாளில் அடங்கிப்போனது, பயம் அடங்கவில்லை. தப்பிட்டாள் என்று அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையோடு பழைய விஷயம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, அம்மாவின் ஊரில் தெருவோரம் நின்ற ஒரு கல்லின்மேல் ஏறி இருந்தேன். தலைச்சுமையோடு வருகிறவர்கள் குனியாமல் இறக்கி வைக்க, தோள் உயரத்துக்குக் கட்டியிருப்பார்களே, சுமைதாங்கி, அதில். அம்மா ஓடிவந்து இழுத்து இறக்கி, கன்னத்தில் அறைந்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளின் பேரில் கட்டுவதுதான் சுமைதாங்கி என்று பிறகு பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள். யாருடைய பேரில் என்று நான் கேட்டதில்லை.

இப்போது கேட்டேன். சமைக்கும்போது கேட்டேன், குளிக்கப் போகும்போது கேட்டேன். அம்மா ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ எடுக்கப் போனார். கணவரிடம் சொன்னேன்.

"மாமி சொல்லேல்லையெண்டால் ஒண்டுமில்லை எண்டுதான் அர்த்தம். நீர் வீணா மனசைக் குழப்பாதையும்," என்றார்.

"எங்கட வீட்டில சொல்லேல்லையெண்டால் இருக்கெண்டுதான் அர்த்தம்."

அவர் நான்கு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்ந்தவர். அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார்கள். அவருக்கு இது விளங்கவில்லை.

நான் குழந்தையின் உடுப்புகளை எல்லாம் தோய்த்து, பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எந்த வயதுக்கு என்று எழுதி ஒட்டினேன். பொறுப்பான பெண் என்று கணவர் பாராட்டினார். நான் இல்லாவிட்டாலும் அவர் தேடி எடுக்க வேண்டுமே என்றுதான் எழுதினேன். அந்த ஆங்கிலேயத் தங்கை ஞாபகம் வந்தது. நல்ல வேளை எனக்குத் தங்கச்சி இல்லை, நான் செத்தால் இவருக்குச் சோறு சமைக்கக் கொண்டுவந்து விட ஒருத்தியும் இல்லை என்று ஓர் அற்பத் திருப்திகூட வந்தது. வந்த கையோடு இன்னொரு கேள்வியும் வந்தது. எனக்கு ஏன் தங்கச்சி இல்லை? அம்மாவின் தலைமுறையில் எல்லாருக்கும் நான்கு, ஐந்து. அம்மாவுக்கு மட்டும் ஏன் நான் ஒருத்தி?

அன்று அம்மாவைச் சமையலறைக்குள் மறித்துக் கேட்டேன்.

"நீங்கள் ஏன் என்னோட நிப்பாட்டினீங்கள்?"

"பிறக்கட்டும் பிள்ளை. முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும். இருந்து எல்லாம் சொல்லுறன்."

"அதுக்குள்ள நான் செத்துப்போனால்?"

அம்மா தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். கையில் வெந்தய மணம். அந்தக் கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. என்னைவிட அவர் பயந்திருந்தார். அது தெரிந்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது.

முப்பத்துநான்காவது கிழமைச் சந்திப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை வேறு ஒரு மிட்வைஃப், தலை நரைத்த, நிதானமான பெண். நான் கேட்டுக்கொண்டபடி அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சுவரில் இருந்த பால் கொடுக்கும் தாயின் படத்தைப் பார்த்தபடி சொன்னார், "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையெண்டு சொல்லு. எல்லாருக்கும் சுகப்பிரசவம்."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, இவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறேன் என்பதையும் அதே குரலில் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மிட்வைஃப் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியாமல் இருக்கிறதா, உங்களிடம் சொல்ல முடியாமல் இருக்கிறதா என்று கேட்டார். அத்தனை நாளும் நான் அந்தக் கேள்வியை யோசிக்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் வாயிலிருந்து வரும் எதுவும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மகளின் வாயால் அந்தக் கதையைச் சொல்லவைப்பதற்கு அவர் செத்தாலும் ஒப்ப மாட்டார்.

மிட்வைஃப் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், "வணக்கம்மா, நான் பேசறது கேக்குதா?" என்றது. இந்தியத் தமிழ். அம்மா திடுக்கிட்டு, "ஓம், கேக்குது," என்றார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

நடைக்கூடத்தில் நீல நாற்காலிகள். கதவில் ஒரு முழ நீளத்துக்கு ஒடுங்கிய கண்ணாடி. அதன் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் அம்மா தலையை ஆட்டி மறுத்தார். மிட்வைஃப் ஒலிபெருக்கியை நிறுத்தி, தொலைபேசியை அவர் கையிலேயே கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பேசத் தொடங்கினார். வெகுநேரம் பேசினார். ஒரு இடத்தில் வலக்கையைத் தூக்கித் தன் தோளுக்குக் கீழே பிடித்து உயரம் காட்டினார். தொலைபேசிக்குள் இருப்பவளுக்கு அது தெரியாது என்பதைக்கூட மறந்து காட்டினார். இவ்வளவு உயரம், இவ்வளவு சின்னவள் என்று. நான் கண்ணாடியை விட்டு விலகிப்போய் நாற்காலியில் இருந்தேன். வயிற்றில் பிள்ளை புரண்டது.

வெளியே வந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளை பாவம். டெலிபோனிலேயே அழுதிட்டுது," என்று மட்டும் சொன்னார்.

அன்றே என் கையில் ஆறு குழாய் இரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து படித்தேன். என் இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒன்று பிறப்பிலேயே குறைவு, அது பரம்பரையாக வருவது, பிரசவ நிலையத்துப் பதிவை ரத்துச் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறோம் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், நோயாளியின் தாயார் கூறியவை என்று ஒரு பந்தி. தாய்வழிப் பூட்டியின் தாய்: பதின்மூன்றில் திருமணம், பதினான்கில் முதல் பிள்ளை, பதினெட்டில் மூன்றாவது பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கால் மரணம். அவருடைய தங்கை: பிள்ளைகளை வளர்ப்பதற்காக அதே கணவருக்கு மணம் முடிக்கப்பட்டவர், பதினைந்தில், குழந்தை பிறக்குமுன் இரத்தப்போக்கால் மரணம். நோயாளியின் தாயார்: ஒரே பிரசவம், கடும் இரத்தப்போக்கு, நான்கு பேரின் இரத்தம் ஏற்றப்பட்டு உயிர் பிழைத்தார்.

என் சொந்தப் பூட்டியின் தாயை நான் ஆங்கிலத்தில், ஓர் ஆஸ்பத்திரிக் கடிதத்தில், நோயாளி என்ற சொல்லுக்குக் கீழே சந்தித்தேன். இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி பஸ் போய்விட்டது. அந்தக் கல் அந்தத் தங்கையுடையது. அவளுடைய கல்லின்மேல் நான் காலை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எல்லாம் தெரிந்த பிறகு பயம் குறையும் என்று சொல்வார்கள். எனக்குக் கூடியது. முன்பு ஏதோ இருக்கிறது என்று பயந்தேன், இப்போது இன்னதுதான் என்று பயந்தேன். அம்மாவிடம் கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இருவரும் சமையல் நிகழ்ச்சி பார்த்தோம்.

நாள் குறித்து வரச் சொன்னார்கள். வலி வருவிக்க மருந்து ஏற்றினார்கள். என் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி ஒன்றைக் காலையிலேயே கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். அதை எனக்குக் காட்டிவிட்டு வைத்தார்கள். அம்மாவை நடைக்கூடத்தில் இருக்கச் சொன்னார்கள், கணவர் உள்ளே நின்றார்.

பின்னேரம் மூன்றே காலுக்கு மகள் பிறந்தாள். அழுதாள். அதைக் கேட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு அறையில் பேச்சு நின்றது. யாரோ சுவரில் இருந்த மணியை அழுத்தினார்கள், கதவு திறந்து திறந்து ஆட்கள் வந்தார்கள். என் காலுக்குக் கீழே துணிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். கை விரல்கள் முதலில் குளிர்ந்தன, பிறகு காது அடைத்தது. கணவரின் முகம் வெள்ளைக் காகிதம் போல இருந்தது. பெட்டிகளில் வயது எழுதியிருக்கிறேன், பார்த்து எடுங்கோ என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், நாக்குப் புரளவில்லை. இரத்தப்போக்கு, ஆறு மணி நேரம். அந்தச் சாய்ந்த எழுத்துத்தான் கண்ணுக்குள் நின்றது. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றரை. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன்.

குளிர்ப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. என் பெயரை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஆமோதித்தார். கையில் ஏதோ குளிராக ஏறியது. நான்கு மணிக்கு, முதல் ஆளாக, ஒரு வைத்தியர் முகமூடியை இறக்கி மூச்சு விட்டார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மாவை உள்ளே விட்டபோது அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. நேரே வந்து போர்வையைத் தூக்கி என் கால்களைப் பார்த்தார். பிறகுதான் அழுதார்.

முப்பத்தொன்றாம் நாள் கழிந்தது. வீட்டைக் கழுவி, எல்லாரும் முழுகி, காயச்சரக்குத் தின்று தின்று எனக்கு நாக்கு வெந்துபோயிருந்தது. அடுத்த நாள் தாதி வந்து குழந்தையைப் பார்ப்பதாக இருந்தது. இங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். நிறை, ஊசி, எல்லாம் அதில்தான். அதன் முன்பக்கங்களில் குடும்பத்தில் யாருக்காவது உள்ள வருத்தங்களை எழுத ஓர் இடம் இருந்தது. பேனையைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

எழுத முடியவில்லை. மகள் அம்மாவின் நீட்டிய கால்களுக்கிடையில் கிடந்தாள், அம்மா அவளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். உலகத்துக்கு வந்து ஒரு மாதம். இந்தப் புத்தகத்தில் இன்னும் ஒரு எழுத்தும் அசிங்கமாக இல்லை. இதில் செத்தவர்களை எழுதுவதா என்று கை நின்றுவிட்டது. அம்மாவை எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருப்பேன். அதே பயம் என் கையிலும் வந்து நின்றது.

"ஏன் எழுதாமல் இருக்கிறாய்?" என்றார் அம்மா.

"பிறகு எழுதுவம் அம்மா."

"பிறகெண்டால் எப்ப? அவள் பிள்ளைத்தாச்சியா வந்து கேக்கேக்கையோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா குழந்தையின் காலை நீவியபடியே இருந்தார்.

"எழுது. நான் சொல்லுறன்."

சொன்னார். கடிதத்தில் இருந்ததுதான், ஆனால் இந்த முறை என்னைப் பார்த்து, என்னிடம் சொன்னார். பதின்மூன்று வயதில் மூத்தவளைத் தூக்கத்தில் எழுப்பித்தான் தாலிக்குக் கொண்டுபோய் இருத்தினார்களாம். செத்த அன்று காலைகூட மூத்த பிள்ளைக்குத் தலை வாரி இழுத்துவிட்டாளாம். தங்கையைக் கொண்டுவந்து விட்டபோது அவள் தன் விளையாட்டுச் சாமான்களையும் கொண்டுவந்தாளாம். நான் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூத்தவளுக்கு என்ன பேர்?"

அம்மாவின் கை நின்றது.

"தெரியாது. பிள்ளைத்தாச்சியளுக்கு முன்னால அந்தப் பேரைச் சொல்லக் கூடாதெண்டு விட்டவை. வீட்டில எப்பவும் ஆரோ ஒருத்தி பிள்ளைத்தாச்சி. பிறகு சொல்லுறதுக்கு ஆளில்லை."

நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். ஆங்கிலேயப் பெண்ணுக்குப் பெருக்கல் குறியாவது இருந்தது.

"வயசு தெரியுந்தானே. பதினெட்டு எண்டு எழுது," என்றார் அம்மா. நான் குனிந்து எழுதினேன். புத்தகத்தை மூடப் போனபோது அவர் எண்ணெய்க் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மற்றவளை விட்டிடாத. தங்கச்சிக்குப் பதினைஞ்சு."